சவலைப் பிள்ளையும் ஆயிரம் நாள்களும்

தமிழில் ‘சவலை’ என்றொரு பழைய சொல் உண்டு. பால்குடி மறக்கும் முன்பே தாய் அடுத்த பிள்ளையை உண்டாகிவிட, பால் வற்றி மெலிந்துபோகும் கைக்குழந்தையைச் சவலைப் பிள்ளை என்று கிராமத்தில் சொல்வார்கள். யாப்பிலக்கணக்காரர்களும் இந்தச் சொல்லை விட்டுவைக்கவில்லை. இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்று பெயர் வைத்தார்கள். பார்த்த மாத்திரத்தில் முழு வெண்பாவாகத் தோன்றி, சீர்களை எண்ணிப் பார்த்தால்தான் குறை தெரியும் என்பதால் அது பொருத்தமான பெயர்தான். ஊட்டச்சத்துக் குறைபாடும் பெரும்பாலும் அப்படித்தான், எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

1930களில், இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கை கால்கள் வீங்கி, தோல் உரிந்து, தலைமுடி நிறம் மாறி இறந்துகொண்டிருந்த சிறு குழந்தைகளைக் கண்டார். 1933இல் அந்த நோயை விவரித்து எழுதிய அவர், அந்த ஊர்த் தாய்மார் தங்கள் கா மொழியில் அதற்கு வைத்திருந்த ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்குத் தந்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தன் இடத்தை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். சவலை மெலிவைக் குறிக்கிறது, குவாஷியோர்கர் வீக்கத்தைக் குறிக்கிறது; மருத்துவக் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், நோய்க்குப் பெயர் வைக்கும்போது குழந்தை எதைச் சாப்பிட்டது என்பதைவிட எந்த வயதில் அதன் உணவு கைமாறியது என்பதையே கவனித்திருக்கிறார்கள். இன்றைய அறிவியல் ‘முதல் ஆயிரம் நாள்கள்’ என்று சொல்வதன் சாரம் இதுதான்.

ஆயிரம் என்பது எளிய கூட்டல். கருவில் ஏறத்தாழ 270 நாள்கள், பிறந்த பின் இரண்டாவது பிறந்தநாள் வரை 730 நாள்கள். மனித வாழ்வில் வேறு எந்தக் காலத்திலும் உடல் இவ்வளவு வேகமாக வளர்வதில்லை. பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் குழந்தை ஓராண்டில் 75 சென்டிமீட்டரை எட்டுகிறது. எடை மூன்று மடங்காகிறது. இரண்டு வயது முடிவதற்குள் மூளை, வளர்ந்த ஒருவரின் மூளை எடையில் முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. ஐந்து வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு 6 சென்டிமீட்டர் என்ற நிதானமான கதியில்தான் வளர்ச்சி நகரும். வேகமாக வளரும் காலத்தில் பொருள் தட்டுப்பட்டால் இழப்பும் பெரிதாக இருக்கும். கட்டடத்தில் கூரை ஓட்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கடைக்காலில் குறைந்த சிமெண்ட்டைப் பிறகு சேர்க்க முடியாது.

குறைபாட்டை அளக்க மூன்று அளவுகள் வழக்கில் உள்ளன. வயதுக்கேற்ற உயரம் இல்லாததை வளர்ச்சி குன்றல் என்றும், உயரத்துக்கேற்ற எடை இல்லாததை உடல் மெலிவு என்றும், வயதுக்கேற்ற எடை இல்லாததை எடைக்குறைவு என்றும் சொல்கிறோம். மெலிவு அண்மைக்காலத்து வயிற்றுப்போக்கையோ பட்டினியையோ காட்டும். நல்ல கவனிப்பு கிடைத்தால் சில வாரங்களில் தேறலாம். வளர்ச்சி குன்றல் பல மாதங்களாக, சில சமயம் தாயின் வயிற்றிலிருந்தே, சிறுகச் சிறுகச் சேர்ந்த குறை. எடைக்குறைவு இவ்விரண்டின் கலவை என்பதால், எது எவ்வளவு என்பதை அது மட்டும் சொல்லாது. கையில் சுற்றிப் பார்க்கும் நாடா ஒன்றும் உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கை நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் மெலிவு, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை.

உலக சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்ட வளர்ச்சித் தரத்தின்படி, ஒரு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை, அதாவது எடைப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குழந்தையின் எடை, 8.9 கிலோ; 7 கிலோவுக்குக் கீழே இறங்கினால் எடைக்குறைவு. இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் நடு நீளம் 86.4 சென்டிமீட்டர், 80க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியது என்று கணக்கு. நடு அளவுக்கும் எல்லைக் கோட்டுக்கும் இடையே ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். தாயின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து எவராலும் இதைச் சொல்ல முடியாது. பலகையில் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க இன்னொருவர் முழங்காலை நீட்டி அமர்த்தி, அது வீரிட்டு அழுது திமிறும்போது அளந்தால்தான் தெரியும். தொங்கு தராசில் எடை பார்ப்பது இதைவிட எளிது என்பதால் பல ஊர்களில் எடை மட்டுமே ஒழுங்காகப் பதிவாகிறது.

“எங்க வம்சமே குட்டைதான் டீச்சர், அவங்க அப்பா உயரத்துக்குத்தானே பிள்ளை வளரும்” என்ற பதிலை அங்கன்வாடிப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளும் இரண்டு அங்குலம் குட்டை என்றால், குட்டை என்பதே கண்ணுக்குத் தெரியாது. இந்த வாதத்துக்கான பதில் மேற்சொன்ன தரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை உருவாக்க 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்து, தாய்ப்பால் குடித்து, தூய்மையான வீட்டில் வளர்ந்த குழந்தைகளை அளந்தார்கள். இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியின் வசதியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஐந்து வயது வரை ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வளர்ந்தார்கள். தனியொரு குழந்தையின் உயரத்தில் பெற்றோரின் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் ஓர் ஊரின் கால்வாசிக் குழந்தைகள் எல்லைக் கோட்டுக்குக் கீழே நிற்பதற்கு வம்சத்தைக் காரணம் சொல்ல முடியாது.

அந்தக் கால்வாசி என்ற எண் கற்பனையானது அன்று. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். இந்தியா முழுவதும் 35.5 விழுக்காடு. அதே ஆய்வில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்தவை. தாயையும் சேயையும் உயிரோடு காப்பாற்றும் வேலையை ஏறத்தாழ முடித்துவிட்ட ஒரு மாநிலத்தில், காப்பாற்றப்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை. மருத்துவமனை வாசலுக்கு முன்னும் பின்னும் உள்ள நாள்களில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

முதலில் தாய். வானம் பார்த்த பூமியில், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில், பத்தொன்பது இருபது வயதில் திருமணமாகி வரும் பெண் சில சமயம் 40 கிலோவை ஒட்டிய எடையோடுதான் வருகிறாள். அவளே ஒரு காலத்தில் சவலைப் பிள்ளையாக இருந்திருக்கக்கூடும். புகுந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் மிஞ்சியதைச் சாப்பிடுவது அவள் வழக்கம்; குழம்பில் இருந்த காயும் மீனும் அதற்குள் மற்றவர் இலையில் போயிருக்கும். உண்டான பெண் இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும் என்று வாயால் சொல்லும் அதே ஊரில், வயிறு முட்டச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகிவிடும் என்ற அச்சமும் இருக்கிறது. உண்மையில் கர்ப்ப காலத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 350 கலோரி அளவுதான். ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். பெரிய விருந்து ஒன்றும் தேவையில்லை. அந்தச் சிறு அளவு நாள் தவறாமல் கிடைக்க வேண்டும் என்பதுதான் கடினம்.

இது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நல்ல சான்று. அங்கே மழைக்காலம்தான் பஞ்சகாலம். பழைய தானியம் தீர்ந்து, புதிய விளைச்சல் வராமல், வயல்வேலை மட்டும் உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களில் பிறக்கும் குழந்தைகளின் எடை ஆண்டுதோறும் சரிந்தது. 28 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு வேர்க்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய் ஆகியவற்றால் செய்த பிஸ்கட்டுகளைக் கர்ப்பத்தின் பிற்பாதியில் தினமும் கொடுத்து ஆராய்ந்தார்கள். 1997இல் வெளியான முடிவின்படி, பஞ்ச மாதங்களில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 201 கிராம் கூடியது. அறுவடைக் காலத்தில் கூடுதல் 94 கிராம் மட்டுமே. பசித்திருந்த உடலுக்குக் கொடுத்த உணவுதான் குழந்தையின் எடையாக மாறியது. நம் ஊரிலும் ஆடி முதல் கார்த்திகை வரை உழவும் களையெடுப்பும் மிகுந்து, கையில் காசு மெலிந்திருக்கும் மாதங்களில் வயிற்றுப்பிள்ளையோடு குனிந்து நிமிரும் பெண்களை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்கலாம்.

வயிறு நிறைந்தாலும் தீராத பசி ஒன்று உண்டு. புனேவை அடுத்த ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கிய ஆய்வில், தாய் உண்ட மொத்தக் கலோரியைவிட, கீரை, பழம், பால் ஆகியவற்றை அவள் எத்தனை முறை உண்டாள் என்பதே குழந்தையின் பிறப்பு அளவோடு தொடர்புடையதாக இருந்தது. சோறு மட்டும் தட்டை நிறைத்தால் இரும்புச்சத்து முதல் பலவும் விடுபடுகின்றன. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று மேற்சொன்ன தேசிய ஆய்வு சொல்கிறது; அதாவது 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே. கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நான்காம் மாதம் தொடங்கிக் குறைந்தது 180 நாள்களும், பிள்ளை பெற்ற பின் இன்னும் 180 நாள்களும் விழுங்க வேண்டும். பல வீடுகளில் மாத்திரை அட்டை அரிசி டப்பாவின் மேல் பிரிக்கப்படாமல் கிடக்கும். மலம் கறுத்துப்போகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது, குமட்டுகிறது என்பவை பொய்க் காரணங்கள் அல்ல, மெய்யாகவே நடப்பவை. அவற்றை முன்கூட்டியே சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கப்போகும் முன் விழுங்கச் சொல்லும் செவிலியரின் பேச்சைக் கேட்டுப் பெண்கள் விழுங்குகிறார்கள். அட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போனால் அது டப்பா மேலேயே இருக்கும். டீயோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாக ஒட்டாது, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் நன்றாக ஒட்டும் என்ற செய்தி ஒன்றே பல மாத்திரைகளின் பயனைக் காப்பாற்றக்கூடியது.

பிறந்த முதல் மணி நேரத்தில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால், அளவில் சில தேக்கரண்டிதான் என்றாலும் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்தது. மாடு ஈன்றால் அதன் சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்து மகிழும் ஊரில், மனிதத் தாயின் சீம்பாலைக் கெட்டது என்று பீய்ச்சி ஊற்றிய காலமும் இருந்தது. அதற்குப் பதிலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் சேனை, கழுதைப் பால், வசம்பும் சாதிக்காயும் இழைத்த உரை மருந்து என ஒவ்வொன்றாக வாயில் போகும். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் இருப்பது இந்த நம்பிக்கையின் ஆழத்தைக் காட்டுகிறது. பாட்டிமார் அன்பால்தான் இதைச் செய்கிறார்கள்; அவர்களை ஏளனம் செய்வதால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. உரைக்கும் கல்லிலும், தொடும் விரலிலும், குடத்துத் தண்ணீரிலும் உள்ள கிருமி, ஒன்றும் அறியாத அந்தக் குடலுக்குள் முதல் விருந்தாளியாக நுழைகிறது என்பதுதான் ஆட்சேபம். பிரசவித்தவளுக்குப் பச்சை உடம்பு என்று சொல்லிப் பத்தியத்தில் கீரையையும் பழத்தையும் நிறுத்திவிடுவது இதைவிடப் பெரிய தவறு. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் கர்ப்ப காலத்தைவிடவும் கூடுதலாக, நாளுக்கு 600 கலோரி அளவு அவளுக்குத் தேவை.

இப்போது கதையின் மிக ஆபத்தான திருப்பத்துக்கு வருகிறோம். ஆறு மாதம் வரை ஏழை வீட்டுக் குழந்தைக்கும் பணக்கார வீட்டுக் குழந்தைக்கும் உணவில் பெரிய வேறுபாடு இல்லை. தாய்ப்பால் இருவருக்கும் ஒன்றே. ஏழாம் மாதத்திலிருந்து வளர்ச்சி அட்டையில் ஏழைக் குழந்தையின் கோடு படுக்கத் தொடங்குகிறது. பிறக்கும்போது உடலில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு தீர்ந்திருக்கும், பால் மட்டும் போதாமல் போயிருக்கும், பல்லோ முளைத்தும் முளைக்காமலும் இருக்கும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். ஒன்பது மாதக் குழந்தை, எடை 7 கிலோ. தாய் காலை ஏழரை மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள், அப்பத்தா பார்த்துக்கொள்கிறாள். பத்து மணிக்கு நீர்த்த அரிசிக் கஞ்சியைச் சங்கில் ஊற்றிப் புகட்டுகிறாள். ஒரு டம்ளர் போனதும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வயிறு உப்பி நிற்கிறது. அப்பத்தாவுக்கு மன நிறைவு. குழந்தையின் இரைப்பை, அதன் எடையில் கிலோவுக்கு 30 மில்லி வீதம், 210 மில்லிதான் கொள்ளும். ஆகவே அது உண்மையிலேயே நிறைந்துவிட்டது. ஆனால் அந்த நீர்த்த கஞ்சி 200 மில்லியில் இருப்பது 70 கலோரி. தாய்ப்பாலுக்கு மேல் அந்த வயதில் உணவிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 300 கலோரி வர வேண்டும். இப்படிக் கஞ்சியைக் குடித்தே அதை எட்ட வேண்டுமென்றால் நாலு டம்ளருக்கு மேல் புகட்ட வேண்டும். அப்போது தாய்ப்பாலுக்கு வயிற்றில் இடமிருக்காது. அதே வயிற்றுக்கு, குழைய வேகவைத்த சோறும் பருப்பும் சேர்த்து மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு ஒரு சிறு கிண்ணம் கொடுத்தால் 200 கலோரி கிடைக்கும். செலவு ஏறத்தாழ ஒன்றுதான். கரண்டியைச் சாய்த்தால் உணவு வழிந்து ஓடக்கூடாது, மெல்ல நழுவி விழ வேண்டும் என்று சில செவிலியர்கள் செய்தே காட்டுவார்கள். வகுப்பெடுப்பதைவிட அது நன்றாக மனத்தில் பதியும்.

கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது, தொண்டையில் சிக்கும் என்ற அச்சத்துக்கு நம் சமையலறையிலேயே ஒரு விடை இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்த மாவில் கூழ் காய்ச்சினால், சாதாரண மாவைப்போல அது கட்டிதட்டிப் பசையாவதில்லை. முளைவிடும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தைச் சிதைத்து விடுவதால், அதிக மாவு போட்டும் கூழ் இளகலாக இருக்கும். இரைப்பையில் இடம் குறைவு, சத்து அதிகம். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்தும் இருக்கிறது. இரும்பு மட்டும் தானியத்திலிருந்து எளிதில் ஒட்டாது. முட்டை, மீன், ஈரல் போன்றவையும் கீரையும் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஆறு முதல் 23 மாதம் வரையான இந்தியக் குழந்தைகளில் வேண்டிய தடவைகளும் வேண்டிய வகைகளும் சேர்ந்த உணவு கிடைப்பது 11.3 விழுக்காட்டினருக்கே என்று ஐந்தாவது தேசிய ஆய்வு சொல்கிறது. இந்தக் குறை ஏழைகளோடு நிற்கவில்லை என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. பசியை அடக்க ஐந்து ரூபாய் பிஸ்கட்டை டீயில் தோய்த்துக் கொடுப்பது இன்று குடிசையிலும் மாடியிலும் ஒன்றுபோல நடக்கிறது.

உணவு போதுமான அளவு போனாலும், குடல் அதை வைத்துக்கொள்ள வேண்டும். தவழும் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில்தான் வயிற்றுப்போக்கும் மிகுதி. ஒவ்வொரு முறையும் பசி மந்தம், சத்து இழப்பு, எடை இறக்கம். எடை இறங்கிய உடலுக்கு அடுத்த நோய் இன்னும் எளிதாக வரும். மலம் கலந்த சூழலில் வளரும் குழந்தையின் குடல் உட்சுவர், வயிற்றுப்போக்கு இல்லாத நாள்களிலும் தேய்ந்து போய், உண்டதை முழுதாக உறிஞ்சாமல் விடுகிறது. கழிப்பறையும் குடிநீரும் சமையலறையின் ஒரு பகுதி என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான். வயிற்றால் போகும்போது சாப்பாட்டை நிறுத்துவது பழைய வழக்கம். நிறுத்தக் கூடாது என்பதே சரி. தாய்ப்பாலும் உணவும் தொடர, உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்து, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுக்க வேண்டும். போக்கு நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நடைமுறையில் நிகழும் பிழை. நோய் தணிந்த பின் இரண்டு வாரம் வரை நாள்தோறும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால்தான் இழந்த எடை திரும்பும்.

இரண்டு வயதுக்குப் பிறகு நிறையக் கொடுத்து ஈடுகட்டிவிட முடியாதா என்று கேட்கலாம். குவாத்தமாலாவில் இதற்கு மிக நீண்ட சோதனை நடந்தது. 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில், இரண்டில் புரதமும் கலோரியும் நிறைந்த ‘அத்தோலே’ என்ற கூழையும், மற்ற இரண்டில் புரதமில்லாத ஓர் இனிப்புப் பானத்தையும் தினமும் கொடுத்தார்கள். மருத்துவ வசதி நான்கிலும் ஒன்றே. மூன்று வயதுக்குள் கூழ் கிடைத்த குழந்தைகள் உயரமாக வளர்ந்தார்கள், அதற்குப் பின் கிடைத்தவர்களிடம் அந்தப் பயன் இல்லை. அதே குழந்தைகளைப் பெரியவர்களான பின் தேடிப் போய்ப் பார்த்தபோது, முதல் இரண்டு வயதில் கூழ் குடித்த ஆண்கள் மணிக்கு ஈட்டும் கூலி 46 விழுக்காடு அதிகமாக இருந்தது என்று 2008இல் வெளியிட்டார்கள். பெண்களின் கூலியில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஒரே கூழ், ஒரே ஊர். குடித்த வயதுதான் வேறு.

இந்தக் கண்ணோடு நம் திட்டங்களைப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து தொடங்கியது. பசித்த பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்த பெருமை அதற்கு என்றும் உண்டு. அதைக் குறைத்துப் பேசுவது நன்றியின்மை. இன்றும் அங்கன்வாடியில் சுடுசோறு இரண்டு வயது நிறைந்த குழந்தைக்குத்தான். சோற்றுக்குப் பேர் பதியும் நாளும் ஆயிரம் நாள்கள் முடியும் நாளும் ஒன்றாக இருக்கின்றன. அதற்கு முந்தைய வயதுக்குச் சத்துமாவு வீட்டுக்கே தரப்படுகிறது. அந்தப் பொட்டலம் வீட்டுக்குள் போனதும் அண்ணன், அக்கா, தாத்தா என எல்லோருக்கும் உருண்டையாகப் பகிரப்படும். பசித்த மூத்த பிள்ளையைப் பார்க்க வைத்துக்கொண்டு இளையதற்கு மட்டும் கரைத்துக் கொடுக்க எந்தத் தாயாலும் முடியாது.

வேறு வழியும் இங்கேயே முயலப்பட்டது. 1980இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளைக் குறிவைத்தது. எல்லோருக்கும் எப்போதும் உணவு என்பது அதன் முறை அல்ல. மாதந்தோறும் எடை பார்த்து, கோடு படுக்கும் குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் போல லட்டு வடிவிலான சத்துணவு கொடுத்து, எடை ஏறத் தொடங்கியதும் நிறுத்துவார்கள். கூடவே தாயோடு உட்கார்ந்து, ஏன் ஏறவில்லை என்று பேசுவார்கள். குழந்தை ஒடுங்கிப்போகும் வரை காத்திராமல், கோடு வளையும்போதே பிடித்துவிடுவது அந்த முறையின் சிறப்பு. எண்ணிக்கையைப் பதிவேட்டில் ஏற்றுவதோடு எடை பார்க்கும் வேலை முடிந்துவிடும் மையங்களில் அந்தப் பேச்சுதான் முதலில் காணாமல் போகிறது.

அந்தப் பேச்சில் வெளிவரும் காரணம் பெரும்பாலும் அறியாமை அன்று, நேரம். ஒன்பது மாதக் குழந்தைக்கு மசித்த சோறு ஊட்ட அரை மணி நேரம் பொறுமையாக உட்கார வேண்டும். அப்படி நாளில் மூன்று முறை. கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு வேளைச் சம்பளம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தமிழ்நாட்டுத் தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் கிடைப்பது, பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் அவளைச் சற்று வீட்டில் இருத்துகிறது. குழந்தை ஏழாம் மாதத்தைத் தொடும்போது பல வீடுகளில் அந்தப் பணம் கடனுக்குப் போய் முடிந்திருக்கும். நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், வேலையிடத்துக்கு வரும் சிறு குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவளுக்கும் அதே கூலி தர வேண்டும் என்றது. கண்மாய்க் கரை வேப்பமரத்தில் கட்டிய தூளிகளுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்து, தூக்குவாளியில் தாய் கொண்டுவந்த பருப்புச் சோற்றைப் பதினோரு மணிக்கு மசித்து ஊட்டுகிற இடங்களில், தாய் மண் சுமப்பதை இடையில் நிறுத்திவிட்டு வந்து பாலும் கொடுத்துப் போகிறாள். பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் இல்லாத இடங்களில் குழந்தை வீட்டில், அப்பத்தாவோடும் கஞ்சி டம்ளரோடும் இருக்கிறது.